குழந்தையின் இடுப்பு மூட்டு விலகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இதற்குச் சிகிச்சை எடுத்தவள், அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை அந்தப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறை கைக்குழந்தைக்கு வலிக்காது. வலிக்காததால் பிள்ளை அழாது. நாம் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

டிடிஎச் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அது என்ன?

இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல் நுனி உருண்டையாக இருக்கும். இடுப்பெலும்பில் அதற்கு ஒரு குழி இருக்கும். உருண்டை குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குக் குழி ஆழம் போதாமல் இருக்கும், சிலருக்கு உருண்டை தளர்ந்து நழுவும், சிலருக்கு முழுதாகவே வெளியே இருக்கும். லேசான நிலை முதல் கடுமையான நிலை வரை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் டிடிஎச் (DDH, Developmental Dysplasia of the Hip) என்று பெயர்.

பிறக்கும்போது இந்த மூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்புதான். ஈர மண்ணில் அச்சு பதிவது போல, உள்ளே உட்கார்ந்திருக்கும் உருண்டைதான் குழியை அழுத்தி அழுத்தி வடிவாக்குகிறது. உருண்டை வெளியே இருந்தால் குழி ஆழமாகாது. குழி ஆழமில்லாவிட்டால் உருண்டை உள்ளே நிற்காது. சிகிச்சையை ஏன் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். முதல் சில மாதங்களில் குழி மிக வேகமாக வளர்கிறது, அந்தக் காலம் திரும்பி வராது.

எத்தனை பிள்ளைகளுக்கு இது வருகிறது? எங்கள் பிள்ளைக்கு ஏன் வந்தது?

மூட்டு முழுதாக விலகியிருப்பது ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு. லேசான தளர்வு அதைவிட அதிகம். பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக வரும். தலைப்பிள்ளைக்கும், வயிற்றில் தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்த பிள்ளைக்கும், அப்பா, அம்மா, அக்கா, அண்ணன் யாருக்காவது இது இருந்த பிள்ளைக்கும் வாய்ப்பு கூடுதல். வலதைவிட இடது இடுப்பில்தான் அதிகம். பனிக்குட நீர் குறைவாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் பிள்ளைக்கும் இடுப்பைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது அம்மா என்ன சாப்பிட்டார், எங்கே போனார், கிரகணத்தைப் பார்த்தாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் யாராவது அப்படிக் கேட்டால், தயவுசெய்து அந்தத் தாயை விட்டுவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை.

தலை திரும்பவில்லை என்று சிசேரியன் செய்தார்கள். அப்படியென்றால் ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. பிள்ளை வெளியே வந்த விதத்தைவிட, உள்ளே கடைசி மாதங்களில் கால் எப்படி மடங்கியிருந்தது என்பதுதான் காரணம். தலை திரும்பாத பிள்ளைக்கு, கையால் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும், ஆறு வார அளவில் இடுப்பு ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுப்பது நல்லது. பெண் பிள்ளையாக இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

பிறந்த அன்றே டாக்டர் காலை மடக்கிப் பார்த்து நார்மல் என்றார். அப்புறமும் வருமா?

வரலாம். பிறந்தவுடன் இரண்டு சோதனைகள் செய்வார்கள். பார்லோ சோதனையில் மடக்கிய தொடையைப் பின்பக்கம் லேசாக அழுத்தி, உருண்டை நழுவுகிறதா என்று பார்ப்பார்கள். ஆர்ட்டோலானி சோதனையில் தொடையை விரித்து, வெளியே இருக்கும் உருண்டை உள்ளே போய் விழுகிறதா என்று உணர்வார்கள். பழகிய கைக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் குழி மட்டும் ஆழம் குறைவாக இருந்து, உருண்டை நழுவாமல் இருந்தால் கையால் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறந்தபோது தளர்வாக இருந்த பல மூட்டுகள் தானாகவே இறுகிவிடும். பார்லோ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1962இல் எழுதிய கட்டுரையில், அப்படித் தளர்ந்திருந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு முதல் வாரத்திலும், எண்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு மாதத்திற்குள்ளும் சரியானதாகக் குறிப்பிட்டார். அதனால் "லேசாக லூஸாக இருக்கிறது, சில வாரம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் ஆகாது. சொன்ன தேதியில் நாம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

வீட்டில் நாங்கள் என்ன பார்க்கலாம்?

பெம்பர்ஸ் மாற்றும்போது பாருங்கள், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, மெதுவாக வெளிப்பக்கம் விரிய விடுங்கள். இரண்டும் ஒரே அளவு விரிய வேண்டும். ஒரு பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்திற்கு மேல் நம்பத்தகுந்த அடையாளம் இதுதான். அந்த வயதில் தசைகள் இறுகிவிடுவதால் பார்லோ, ஆர்ட்டோலானி சோதனைகள்கூட அவ்வளவு உதவாது.

அடுத்து, முழங்கால்களை மடக்கி, இரு பாதங்களையும் மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்து தெரிந்தால் அந்தக் கால் குட்டையாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டு இடுப்புமே விலகியிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் நடக்கும் வரை கண்ணில் படாமல் போகிறார்கள். பெம்பர்ஸ் மாட்டுவதற்குக்கூடக் கால்கள் விரிய மறுத்தால் காட்டிவிடுங்கள்.

டாக்டர் செய்வதைப் பார்த்துவிட்டுத் தொடையை அழுத்திச் சோதிக்க மட்டும் முயல வேண்டாம்.

ஒரு தொடையில் மடிப்பு அதிகமாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

மடிப்பு மட்டும் மாறியிருப்பது நல்ல இடுப்புள்ள பல குழந்தைகளிடமும் உண்டு. கால் விரிவதும் நீளமும் சரியாக இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது காட்டினால் போதும். "டிக்" என்று லேசாகச் சத்தம் கேட்பதும் பெரும்பாலும் தசைநாரின் சத்தம்தான். ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுவது மனதிற்கு நிம்மதி.

பிறந்த பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றினால்தான் கால் நேராக வளரும் என்கிறார் பாட்டி. சுற்றலாமா?

கையைச் சுற்றுங்கள், காலை விட்டுவிடுங்கள்.

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கையில் இருக்கும் காரணம் இது ஒன்றுதான். பெண்ணாகப் பிறப்பதையோ தலைப்பிள்ளையாகப் பிறப்பதையோ மாற்ற முடியாது. காலைக் கட்டுவதை மாற்றலாம். வயிற்றுக்குள் பல மாதம் மடங்கியே இருந்த கால் அது. பிறந்த பிள்ளையின் இயல்பான நிலை, தவளைபோல முழங்கால் மடங்கித் தொடை விரிந்திருப்பது. அதை நேராக நீட்டி, இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினால் உருண்டை குழியின் விளிம்பை நோக்கித் தள்ளப்படுகிறது. ஜப்பானில் கால்களை நீட்டி வைத்துச் சுற்றும் பழக்கம் இருந்தது. 1970களில் அதை விடச் சொல்லி நாடு முழுதும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் எடுத்துச் சொன்னார்கள். இடுப்பு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது.

மலாய்க் குடும்பங்களில் பெடோங் என்று சுற்றுவதும் நம் வீடுகளில் பழைய சேலைத் துணியில் சுற்றுவதும் பிள்ளைக்கு இதம் தருவதற்காகத்தான். அந்த இதம் தோளையும் கையையும் அணைத்துச் சுற்றினாலே கிடைத்துவிடும். இடுப்புக்குக் கீழே துணி ஒரு பை மாதிரி தளர்வாக இருக்கட்டும், பிள்ளை முழங்காலை மேலே தூக்கி விரிக்க முடிய வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு மெல்லிய துணி போதும். புரளத் தொடங்கியதும் சுற்றுவதையே நிறுத்திவிடுங்கள். கால் நேராகுமா என்ற கவலையும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் கால் வளைவு வளர வளரத் தானே சரியாகும்.

எண்ணெய் தேய்த்துக் காலை உருவி விடுவது?

எண்ணெய் தேய்க்கலாம், மென்மையாக நீவலாம். பிள்ளை அதை விரும்பும். காலை நீட்டிப் பிடித்து இழுப்பது, இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறுவது, ஒரு கையையும் எதிர்க் காலையும் முதுகுப் பக்கம் இழுப்பது, இவை வேண்டாம். குளிப்பாட்ட வரும் அம்மாவிடம் முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, காலை மட்டும் இழுக்க வேண்டாம், டாக்டர் சொல்லியிருக்கிறார்." அனுபவமுள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள். மூட்டு விலகல் என்று தெரிந்த பிறகு "வழித்துச் சரி பண்ணித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நழுவிய உருண்டையை பலவந்தமாகத் தள்ளினால் அதற்குப் போகும் இரத்த ஓட்டம் கெடும். அந்தச் சேதம் முதலில் இருந்த குறையைவிட மோசமானது.

ஸ்பிரிங் தொட்டிலில் போடலாமா?

துணிக்குள் கால்கள் நீண்டு ஒட்டிக்கொள்கின்றனவா, மடங்கி விரிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுதும் அதிலேயே போட்டு வைக்காதீர்கள். இரவில் தட்டையான மெத்தையில் மல்லாந்து தூங்குவதுதான் எல்லாக் குழந்தைக்கும் பாதுகாப்பு. ஹார்னஸ் (சிகிச்சைக்காகக் காலை மடக்கி விரித்து வைக்கும் பட்டைக் கருவி) போட்ட பிள்ளைக்குத் துணித் தொட்டில் வேண்டாம், துணி இரண்டு பக்கமும் தொடையை நெருக்கும்.

இடுப்பில் வைத்துத் தூக்கினால் கால் வளைந்துவிடும் என்கிறார்களே?

வளையாது. கழுத்து நின்ற பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் பழக்கம் இடுப்பு மூட்டுக்கு மிகவும் நல்லது. தொடை விரிந்து, முழங்கால் மடங்கி, உருண்டை குழிக்குள் நன்றாக உட்காரும் நிலை அது. குழந்தையை முதுகில் காலை விரித்துக் கட்டித் தூக்கும் ஆப்பிரிக்கச் சமூகங்களில் இந்தக் குறை மிக அரிது. பாட்டி சொன்னதில் ஒன்றை மாற்றச் சொன்னேன் அல்லவா, இடுப்பில் வைத்துத் தூக்குவதில் பாட்டிதான் சரி.

கேரியர் பை வாங்கினால், தொடை முழுவதும் முழங்கால் வரை தாங்கும் வகையைப் பாருங்கள். கால்கள் இரண்டும் கீழே தொங்கும் வகை இடுப்பைத் தாங்காது.

யாரிடம் போவது? நேராகத் தனியார் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகட்டுமா?

வசதி இருந்தால் போகலாம். இல்லாவிட்டாலும் வழி நன்றாகவே இருக்கிறது. அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதங்களில் ஊசிக்கு எப்படியும் போகிறோம். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) "இடுப்பையும் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தலை திரும்பாத பிரசவம், குடும்பத்தில் யாருக்காவது இருந்தது போன்ற விவரங்களைக் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அங்குள்ள டாக்டர் பெரிய மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், பினாங்குத் தீவில் பினாங்கு மருத்துவமனையும், அக்கரையில் செபராங் ஜெயா மருத்துவமனையும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஆகும் கட்டணம் சில ரிங்கிட்தான்.

கொடுத்த தேதி இரண்டு மூன்று மாதம் தள்ளியிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "பிள்ளைக்கு இப்போது ஆறு வாரம், டாக்டர் டிடிஎச் என்று சந்தேகப்படுகிறார்" என்று கவுண்டரில் சொல்லுங்கள். கைக்குழந்தையின் வயதைச் சொன்னால் முன்தேதி கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் கடிதம் எழுதிய டாக்டரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள்.

ஸ்கேனா, எக்ஸ்ரேயா?

நான்கு மாதம் வரை ஸ்கேன். உருண்டை அப்போது குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. நான்கு முதல் ஆறு மாதத்தில் எலும்பு திரளத் தொடங்கியதும் எக்ஸ்ரே தெளிவாகக் காட்டும். ஸ்கேன் அறிக்கையில் ஆல்ஃபா என்று ஒரு கோணம் போட்டிருக்கும், 60 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் குழி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பாவ்லிக் ஹார்னஸ் போட வேண்டும் என்கிறார்கள். எத்தனை நாள்? பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்காதா?

மெல்லிய பட்டைகளால் ஆன கருவி இது. தோளிலிருந்து பாதம் வரை வந்து, முழங்காலை மடக்கித் தொடையை விரித்து வைக்கும். உதைக்கலாம், அசையலாம், காலை நீட்டிச் சேர்க்க மட்டும் முடியாது. செக் நாட்டு மருத்துவர் ஆர்னால்ட் பாவ்லிக் கண்டுபிடித்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சிகிச்சை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம், ஏறக்குறைய இருபத்து நான்கு மணி நேரமும் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும், ஆப்பரேஷன் தேவைப்படாது.

முதல் இரண்டு மூன்று இரவு பிள்ளை சிணுங்கும். அப்புறம் பழகிவிடும், நமக்குத்தான் பழக நாளாகும். பட்டைக்கு அடியில் மெல்லிய பருத்திச் சட்டையும் முழங்கால் வரை நீண்ட சாக்ஸும் போடுங்கள். பெம்பர்ஸ் பட்டைக்கு உள்ளே வர வேண்டும். குளிப்பாட்டக் கழற்றலாமா என்பதை டாக்டர்தான் சொல்வார். கழற்றக் கூடாது என்றால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். பட்டைக்கு அடியில் எண்ணெயும் பவுடரும் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து தோல் வெந்துபோகும். கழுத்து மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் தினமும் பாருங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஊசி போடும் மிஸ்ஸியிடம் முன்கூட்டியே ஹார்னஸைக் காட்டுங்கள்.

பட்டையின் நீளத்தை நீங்களாக மாற்றாதீர்கள். பிள்ளை அந்தக் காலை உதைப்பதை நிறுத்திவிட்டால், முழங்காலை நீட்டாமல் விட்டால், அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். தொடை நரம்பு அழுந்தியிருக்கலாம். பட்டையை டாக்டர் சரிசெய்தால் பெரும்பாலும் நரம்பு தேறிவிடும்.

சொந்தக்காரர்கள் வந்து "ஐயோ பாவம்" என்பார்கள். பிள்ளைக்கு வலி இல்லை, மூன்று மாதத்தில் கழற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போங்கள். இரவில் யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் கழற்றி வைப்போம் என்று தோன்றும். அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளைக்கு உதவாது.

ஹார்னஸுக்குப் பதில் இரண்டு பெம்பர்ஸ் போட்டால் ஆகாதா?

ஆகாது. அது மூட்டை உள்ளே நிறுத்தும் அளவுக்குத் தாங்காது, நாள்தான் வீணாகும்.

ஹார்னஸ் பலிக்கவில்லை. அல்லது எங்களுக்குத் தெரிந்ததே ஏழு எட்டு மாதத்தில்தான். இனி என்ன?

மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமல் உருண்டையைக் குழிக்குள் கொண்டுவந்து, மார்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டுப் போடுவார்கள். ஸ்பைகா என்பார்கள். பெரும்பாலும் மூன்று மாத அளவுக்கு இருக்கும், நடுவில் ஒருமுறை மாற்றலாம்.

இந்த வெயிலில் அதைப் பராமரிப்பது உண்மையிலேயே கடினம். கட்டு நனையாமல் இருப்பதில்தான் பாதி வேலை. சின்ன அளவு பெம்பர்ஸை ஓரத்தில் உள்ளே செருகி, அதன்மேல் பெரிய அளவு ஒன்றைப் போடுங்கள். இரவிலும் எழுந்து மாற்றுங்கள். அரிக்கிறது என்று குச்சியோ ஸ்கேலோ உள்ளே விடாதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள். மின்விசிறி எப்போதும் ஓடட்டும். கால்விரல் நீலமாகவோ வெளுப்பாகவோ, சில்லென்றோ மாறினால், வீங்கினால், உடனே மருத்துவமனை. இரண்டு காலுக்கும் நடுவே குச்சி வைத்துக் கட்டியிருந்தால் அதைப் பிடித்துத் தூக்காதீர்கள். கார் சீட்டில் பிள்ளை உட்கார முடியுமா என்று மருத்துவமனையைவிட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

இது பலருக்கும் நடக்கிறது. பிள்ளை வழக்கமான வயதிலேயே நடந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. நடை மட்டும் ஒரு பக்கம் சாயும், அல்லது வாத்து நடைபோல இருக்கும், அல்லது ஒரு காலில் மட்டும் நுனிவிரலில் நடக்கும். "இப்போதுதானே நடக்கிறது, போகப் போகச் சரியாகும்" என்று விட வேண்டாம்.

ஒன்றரை வயதைத் தாண்டினால் பெரும்பாலும் திறந்த அறுவைச் சிகிச்சை தேவைப்படும். உருண்டையை உள்ளே வைப்பதோடு, இடுப்பெலும்பையோ தொடை எலும்பையோ வெட்டி நிலைமாற்ற வேண்டியும் வரலாம். பெரிய ஆப்பரேஷன்தான், ஆனால் செய்த பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். செய்யாமல் விட்டால் நொண்டல் நிலைக்கும், இளம் வயதிலேயே மூட்டு தேய்ந்து வலி தொடங்கும். செயற்கை மூட்டு வரை போகலாம்.

தைப்பூசத்துக்குக் கரும்புத் தொட்டில் நேர்ந்திருக்கிறோம். பிள்ளை ஹார்னஸில் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், டாக்டரிடமே கேளுங்கள். ஹார்னஸைக் கழற்றித் தொட்டிலில் போடுவது மட்டும் கூடாது. கரும்புத் தொட்டிலை அப்பாவும் மாமாவும் சுமக்கட்டும். பிள்ளையை அம்மா நெஞ்சோடு, கால் விரிந்தபடி அணைத்துக்கொண்டு உடன் நடக்கலாம். பத்துமலையின் 272 படிகளானாலும் பினாங்கின் தண்ணீர்மலையானாலும் கூட்டமும் வெயிலும் கைக்குழந்தைக்குக் கடினம், விடியற்காலையில் போய்விடுங்கள். மாவுக்கட்டில் இருக்கும் பிள்ளை என்றால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். முருகன் காத்திருப்பான்.

என் பிள்ளைக்கு இடுப்பில் வலி இருக்கிறது. இதுவும் டிடிஎச்சா?

சிறு பிள்ளைக்கு வலி என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். காய்ச்சலும் இருந்து, காலை அசைக்கவே விடாமல் அழுதால், அல்லது நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று காலை ஊன்ற மறுத்தால், அது மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம். அதே நாளில், இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதம்கூட மூட்டைக் கெடுக்கும். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளை வாரக்கணக்கில் நொண்டினால், முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாலும், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பெர்த்தஸ் என்ற நோயில் இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரியும்.

ஹார்னஸைக் கழற்றியாயிற்று. இனிமேல் போக வேண்டாம்தானே?

போக வேண்டும். எக்ஸ்ரே நன்றாக வந்தாலும் வளர்ச்சி முடியும் வரை இடைவெளி விட்டு விட்டுப் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்குக் குழி பின்னால் மந்தமாக வளரும். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள், பரதம் ஆடுகிறாள். அப்பாயின்ட்மென்ட் வந்தால் இன்னமும் போகிறோம்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

வாய்ப்பு கூடும், ஆனால் பெரும்பாலும் வராது. பெற்றோருக்கு இல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு நூற்றில் ஆறு அளவு. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பன்னிரண்டு அளவு. கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே மிஸ்ஸியிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பிறந்ததும் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம் மறுபடியும் சொல்லுங்கள். ஆறாவது வாரத்துக்கு இடுப்பு ஸ்கேன் தேதியை மருத்துவமனையைவிட்டு வீடு திரும்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.